ரிசல்ட் வராத மாதங்கள்

ஆண்டு முழுக்க ஊக்கம் குறையாமல் படிப்பது எப்படி? குரூப் 4 தேர்வர்களின் நாள்காட்டி சொல்லும் பாடம்

2022 ஜூலை 24 அன்று நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் முடிவு 2023 மார்ச் 24 அன்று வெளியானது. நாள் பிசகாமல் எட்டு மாதம். இடையில் ஆயுதபூஜை, தீபாவளி, பொங்கல் எல்லாம் வந்து போயின. தேர்வு எழுதிய 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த எட்டு மாதமும் தேறினோமா இல்லையா என்று தெரியாமலே இருந்தார்கள். அடுத்த தேர்வுக்குப் புத்தகத்தைத் திறப்பதா, கிடைத்த தனியார் வேலைக்குப் போவதா, வந்திருக்கும் வரனுக்குச் சரி சொல்வதா என்று எதையும் முடிவெடுக்க முடியாத எட்டு மாதம் அது.

ஊக்கம், இலக்கு, விடாமுயற்சி என்று பேச ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் தேதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். புது டைரி, புது டைம்டேபிள், அதிகாலை நாலரை மணி அலாரம். ஆனால் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு கொஞ்ச நாள் பழகினால் வேறு விஷயம் புரியும். படிக்கிற மாதங்களில் அவர்களுக்கு ஊக்கத்துக்குக் குறைவே இல்லை. தேர்வு முடிந்து, ஆன்சர் கீ வந்து, கேள்விகளை எண்ணிப் பார்த்து, பிறகு எதுவுமே நடக்காத மாதங்கள் வருமே, அங்கேதான் அவர்கள் உடைகிறார்கள். ஓர் ஆண்டுக்கு இலக்கு வைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது அந்த மாதங்களைப் பற்றித்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

தேதிகளைப் பாருங்கள். குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பர் 1 அன்று நடந்தது. அடுத்தது கொரோனாவைத் தாண்டி 2022 ஜூலையில்தான். அதற்கடுத்தது 2024 ஜூன் 9. பிறகு 2025 ஜூலை 12. முதல் இடைவெளி ஏறக்குறைய மூன்று ஆண்டு, அடுத்தது இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்தது 13 மாதம். தேர்வாணையம் ஆண்டுத் திட்ட அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுவது பெரிய உதவி. இருந்தாலும் எத்தனை இடங்கள், எப்போது முடிவு, எப்போது கலந்தாய்வு என்பதெல்லாம் தேர்வரின் கையில் இல்லை. 2024-ல் அறிவிக்கை வந்தபோது 6,244 இடங்கள். பின்னர் அது ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டு அறிவிக்கையில் இருந்தவை 3,935. ‘இந்த வருஷம் எப்படியும் வேலை வாங்கிடணும்’ என்று தையில் ஒருவர் எழுதி வைத்தால், அதில் பாதிக்கு மேல் அடுத்தவர் கையில் இருக்கும் சங்கதி.

கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்

2024 தேர்வை ஏறத்தாழ 16 லட்சம் பேர் எழுதினார்கள். கூடுதலான இடங்களை வைத்துக் கணக்குப் போட்டாலும் ஒரு நாற்காலிக்கு 160 பேருக்கு மேல். நன்றாகப் படித்த ஒருவர் இரண்டு கேள்வியில் வெளியே நிற்பது இங்கே ஒவ்வொரு முறையும் நடக்கிறது. அவர் சோம்பேறி இல்லை. அவரைவிட இரண்டு கேள்வி கூடுதலாகப் போட்டவர்கள் அந்த ஆண்டு கொஞ்சம் அதிகமாக இருந்தார்கள், அவ்வளவுதான். கட் ஆஃப் என்பது மற்ற லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்து தீர்மானிக்கும் எண். அதையே சுவரில் ஒட்டி வைத்து, தினமும் அதைப் பார்த்து எழுவது ஓர் ஆண்டு முழுக்கத் தாங்காது.

அப்படியானால் எதை ஒட்டி வைப்பது? இன்று இரவு படுக்கும்போது ‘முடித்தேன், முடிக்கவில்லை’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிகிற ஒன்றை. ‘கணக்கில் நல்லா வரணும்’ என்பதற்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. ‘சதவீதத்தில் 40 கணக்கு, அதில் 30 சரி’ என்பதற்குச் சொல்லலாம். எட்வின் லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968-லிருந்து இலக்கு நிர்ணயம் பற்றி எழுதி வந்தவர். பின்னர் கேரி லேத்தமும் அவரோடு சேர்ந்துகொண்டார். தெளிவாகக் குறிப்பிட்ட, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தவர்கள், ‘உன்னால் முடிந்ததைச் செய்’ என்று மட்டும் சொல்லப்பட்டவர்களைவிடக் கூடுதலாகச் செய்கிறார்கள் என்று அவர்களின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. நம் வீடுகளில் பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பும்போது சொல்லும் வாழ்த்து ‘முடிஞ்சதைச் செய்’ என்பதுதான். தேர்வு நாளன்று அது அன்பான சொல். முந்தைய பத்து மாதத்துக்கு அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

குரூப் 4 வினாத்தாளையே எடுத்துக்கொள்வோம். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, திறனறிவில் 25. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 150-க்கு 60 வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவு கடல். எவ்வளவு படித்தாலும் தெரியாத கேள்வி வந்தே தீரும். திறனறிவு அப்படியல்ல, அதன் பாடத்திட்டம் சில வரிகளில் அடங்கிவிடும்: சுருக்குதல், சதவீதம், மீ.பெ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டு வட்டி, பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும், எண் தொடர், பகடை, புதிர்கள். வாரம் ஒரு தலைப்பு என்று வைத்தாலும் மூன்று மாதத்தில் கரை தெரியும். ‘நமக்குக் கணக்கு வராது’ என்று பத்தாம் வகுப்போடு அதை ஒதுக்கிவிட்டவர்கள்தான் இந்த 25 கேள்வியைத் தாமாகவே தாரைவார்க்கிறார்கள். ஆண்டின் முதல் இலக்காக எதை வைக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இந்த மூன்று மாதக் கணக்கைத்தான் சொல்வேன். எல்லை தெரிகிற வேலையை ஒருமுறை முடித்துப் பார்த்தவருக்கு, எல்லை தெரியாத வேலையில் இறங்கும் துணிவு தானாக வரும்.

இதற்கு ஒரு பழைய ஆய்வு துணை நிற்கிறது. ஆல்பர்ட் பந்தூராவும் டேல் ஷங்க்கும் 1981-ல் வெளியிட்டது. கணக்கில் மிகவும் பின்தங்கிய, கணக்கென்றாலே ஒதுங்கும் சிறு பிள்ளைகளிடம் கழித்தல் கணக்குகள் கொண்ட 42 பக்கப் பயிற்சியைக் கொடுத்தார்கள். மொத்தம் ஏழு வகுப்பு. ஒரு குழுவிடம் ‘ஒவ்வொரு வகுப்பிலும் ஆறு பக்கம் முடிக்கப் பாருங்கள்’ என்றார்கள். இன்னொரு குழுவிடம் ‘ஏழு வகுப்பு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்கள்’ என்றார்கள். வேறொரு குழுவுக்கு இலக்கு எதுவுமே சொல்லவில்லை. ஆறு ஆறு பக்கமாகப் போன பிள்ளைகள்தான் வேகமாகவும் சரியாகவும் போட்டார்கள். யாரும் சொல்லாமலே கூடுதலாகக் கணக்குப் போட ஆர்வம் காட்டியவர்களும் அவர்கள்தான். மொத்த வேலை எல்லோருக்கும் ஒன்றே. தூரத்து இலக்கைச் சொன்ன குழுவோ இலக்கே இல்லாத குழுவைவிடப் பெரிதாக மேம்படவில்லை.

‘2026-க்குள் விஏஓ’ என்று செல்போன் வால்பேப்பர் வைத்திருக்கும் தம்பிகளுக்கு இந்த ஒரு செய்தி போதும் என்று நினைக்கிறேன். வால்பேப்பர் இருக்கட்டும். பக்கத்திலேயே இந்த வாரத்துக்கான ஆறு பக்கமும் இருக்க வேண்டும்.

ஒரு லாங் சைஸ் நோட்டு

விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். பெயரைப் போட வேண்டாம் என்றார். லாங் சைஸ், அட்டை கிழிந்து பிரவுன் டேப் ஒட்டிய நோட்டு. ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டிருக்கிறார்: தேதி, பாடம், எத்தனை கேள்விக்கு எத்தனை சரி, நாலாவது கட்டத்துக்குத் தலைப்பு இல்லை. அந்த நாலாவது கட்டம்தான் என் கண்ணில் பட்டது. படிக்காத நாட்களுக்கான காரணம் அதில் இருந்தது. ‘கரண்ட் இல்லை.’ ‘கடையில் அட்மிஷன் கூட்டம்.’ ‘சித்தி வீட்டு வளைகாப்பு.’ ‘தலைவலி.’ ஓரிடத்தில் ‘சும்மா’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு நாளைக்கூட அவர் காலியாக விடவில்லை.

“காலியா விட்டா அடுத்த நாள் நோட்டைத் திறக்கவே மனசு வராதுண்ணா. எதையாவது எழுதிட்டா அந்த நாள் முடிஞ்சுபோச்சு” என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் சொல்லிவிட முடியாது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை ஆராய்ந்த ஜேனட் பொலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற இரு உளவியலாளர்கள் இதே இடத்தைத்தான் தொட்டார்கள். ஒரு வேளை கட்டுப்பாட்டை மீறிவிட்டோம் என்று தெரிந்ததும், ‘இன்னிக்குதான் கெட்டுப்போச்சே’ என்று அன்று முழுக்க அளவில்லாமல் சாப்பிடுவது பலரிடம் இருக்கும் வழக்கம். படிப்பிலும் அதே கதைதான். திங்கட்கிழமை தவறினால் ‘சரி, அடுத்த வாரம் ஃபிரெஷ்ஷா ஆரம்பிக்கலாம்’ என்று செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாளைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். தவறியது ஒரு நாள். கொடுத்த விலை ஒரு வாரம்.

‘21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும்’ என்று யூடியூபில் தினமும் யாராவது சொல்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு செயல் தன்னியல்பாக மாற எடுத்துக்கொள்ளும் என்று அதை வைத்து அவர்கள் கணக்கிட்ட காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவாக வந்த எண் 66. எளிய செயல்கள் சீக்கிரம் படிந்தன, கடினமானவை தாமதமாயின. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. 21 நாள் முடிந்தும் புத்தகத்தை எடுக்க மனம் இழுத்துப் பிடித்தால், உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. இன்னும் நாள் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கழியுங்கள்

டைம்டேபிள் போடும்போது நாம் எல்லோரும் செய்யும் தவறு, நல்ல நாளை மனத்தில் வைத்துப் போடுவது. வீட்டில் விருந்தாளி இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, தெருவில் மைக் செட் இல்லை, மனம் தெளிவாக இருக்கிறது. அப்படிப்பட்ட நாள் ஆண்டில் எத்தனை வரும்?

1994-ல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமான நிலைமையைக் கற்பனை செய்யச் சொன்னபோதும் அவர்கள் உண்மையை எட்டவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஆகவே மாதக் காலண்டரை எடுத்து, படிக்கப் போகும் நாட்களைக் குறிப்பதற்கு முன்னால் படிக்க முடியாத நாட்களைக் குறியுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேர்த்து இரண்டு வாரம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் சொந்தபந்தக் கல்யாணங்களுக்கு இரண்டு வாரம். ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம். காய்ச்சல், சளி, வீட்டில் ஒருவருக்கு ஆஸ்பத்திரி என்று இரண்டு வாரம். வேலை பார்ப்பவர் என்றால் வேலை குவியும் காலத்துக்கு மூன்று வாரம். பெயர் தெரியாத காரணங்களுக்கு நான்கு வாரம். மொத்தம் 14 வாரம் போயிற்று. 52-ல் மீதம் 38. வாரத்துக்கு மூன்று பாடம் என்றால் 114 பாடம். இதை ஒருவர் முடித்துவிடலாம். 52 வாரத்துக்கும் ஐந்து பாடம் வீதம் 260 என்று போட்டவர், சித்திரைக்குள் பத்து வாரம் பின்தங்கி, அந்தப் பாக்கியைப் பார்த்தே பயந்து நோட்டை மூடிவிடுவார். 114 பாடம் முடித்தவர் 260 பாடத்துக்கு ஆசைப்பட்டு 40-ல் நின்றவரைவிட எவ்வளவு முன்னால் இருக்கிறார் என்று பாருங்கள்.

கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகும் நாள்தோறும் ஒரு சிக்கல் இருக்கும்: எப்போது உட்காருவது? பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் இதற்கு ஒரு வழி சொன்னார். ‘படிப்பேன்’ என்று எண்ணுவதோடு நிற்காமல், ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்பே முடிச்சுப் போட்டு வைப்பது. ‘கடை சாத்திட்டு வந்து கை கால் கழுவினதும், சாப்பிட உட்கார்றதுக்கு முன்னாடி பத்து கணக்கு.’ ‘பஸ் ஏறி உட்கார்ந்ததும் நேத்துப் படிச்ச பாடத்துல இருந்து அஞ்சு கேள்வியை மனசுக்குள்ள கேட்டுக்கறது.’ இப்படி இடமும் நேரமும் செயலும் ஒட்டிக்கொண்ட எண்ணங்கள், வெறும் உறுதிமொழியைவிட நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலையில் நாலரைக்கு எழ முடியாத உடம்பு சிலருக்கு உண்டு. அவர்கள் எழ வேண்டாம். கை கால் கழுவும் நேரம் எல்லோருக்கும் உண்டு.

மணிக்கணக்கு ஏமாற்றும்

‘இன்னிக்குப் பத்து மணி நேரம்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பது தேர்வர்களிடையே பரவலாக இருக்கிறது. உட்கார்ந்த நேரத்தை இலக்காக வைப்பதை நான் ஏற்கவில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த நாள் போனாலும் இடம் நிறைந்திருக்கும். அங்கே கொஞ்ச நேரம் கவனித்தால் இரண்டு வகையினர் தெரிவார்கள். ஒருவர் மஞ்சள், பச்சை ஹைலைட்டர்களால் பாடநூலின் பக்கம் முழுவதையும் வண்ணமாக்கி, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். இன்னொருவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெள்ளைத் தாளில் எதையோ எழுதி, பிறகு திறந்து ஒப்பிட்டு, தப்பானதைச் சுழிப்பார். பார்ப்பவருக்கு முதலாமவர்தான் மும்முரமாகத் தெரிவார்.

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இருவரைப் பற்றியதுபோலவே இருக்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நடுவில் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் வெகுவாக முந்திவிட்டார்கள். ஆனால் ‘எனக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று கூடுதல் நம்பிக்கையோடு சொன்னவர்கள், வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான்.

ஊக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பத்து மணி நேரம் வாசித்துவிட்டு மாடல் டெஸ்டில் பாதிகூட வராதபோது, ‘நமக்கு மண்டையில ஏறாது’ என்ற முடிவுக்கு ஒருவர் வந்துவிடுகிறார். ஏறாமல் போனதற்குக் காரணம் படித்த முறை. அவரோ தன் புத்தியைக் குறை சொல்லிக்கொள்கிறார். நல்ல பிள்ளைகள் பலர் இப்படித்தான் விலகிப் போனார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். ஆகவே நேரத்தை எண்ணாதீர்கள். புத்தகத்தை மூடிக்கொண்டு பதில் சொன்ன கேள்விகளை எண்ணுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்பும் மாதிரித் தேர்வும் நடக்கின்றன. பணம் கட்டி கோச்சிங் சேர முடியாதவர்கள் அங்கே போய் மாதம் ஒரு தடவையாவது முழுத் தேர்வை ஓ.எம்.ஆர். தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. 200 கேள்விக்கு 180 நிமிடம் என்றால் கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவது வட்டம் ஒன்றும் இருக்கிறது. வட்டத்தை நிரப்பும் நேரமும் இதற்குள்தான்.

காத்திருக்கும்போது ஒரு சான்றிதழ்

இனி அந்த எட்டு மாதத்துக்கு வருவோம். தேர்வு முடிந்த வாரம் எல்லோரும் ஆன்சர் கீயோடு உட்காருகிறார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஒருமுறை எண்ணி, வந்த எண்ணை நோட்டில் எழுதி, அதோடு மூடிவிடுங்கள். டெலிகிராம் குழுக்களில் ‘எதிர்பார்க்கும் கட் ஆஃப்’ என்று தினமும் ஓடும் எண்கள் யாருக்கும் தெரியாத ஒன்றைப் பற்றிய ஊகங்கள். பத்து நாளைக்கு முழு ஓய்வு. அது தண்டமான நேரம் இல்லை.

பதினோராம் நாளிலிருந்து என்ன? ‘அடுத்த தேர்வுக்குப் படி’ என்று சொல்வது எளிது. இருபது மாதம் கழித்தும் வரலாம், 13 மாதத்திலும் வரலாம் என்ற தேர்வுக்கு, அதே புத்தகத்தை மறுநாளே திறக்க எந்த மனமும் ஒப்பாது. ஆகவே இந்த மாதங்களுக்கு வேறு ஓர் இலக்கு வேண்டும். தேதி உறுதியாக இருக்க வேண்டும். போட்டியாளர் இருக்கக் கூடாது. முடித்தால் கையில் ஏதாவது தங்க வேண்டும்.

டைப்ரைட்டிங் லோயர் அப்படிப்பட்ட ஒன்று. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வுகள் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் வருகின்றன. ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. யாரையும் முந்த வேண்டியதில்லை, வேகத்தை எட்டினால் பாஸ். குரூப் 4-லேயே தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சான்றிதழ் வேண்டும். இரண்டும் ஹையர், அல்லது ஒன்று ஹையர், ஒன்று லோயர். தகுதியுள்ளவர்கள் குறைவு என்பதால் அந்தப் பணிக்கான கட் ஆஃப் பொதுவாக இளநிலை உதவியாளரைவிடக் கீழேயே நிற்கிறது. ஆக, காத்திருந்த மாதங்களில் ஒருவர் அடுத்த தேர்வுக்கான தன் வாய்ப்பையே கூட்டிக்கொள்கிறார்.

இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறொரு பலனும் உண்டு. முதல் நாள் ‘யளனக’ அடிக்கும்போது சுண்டு விரல் விசையை முழுதாக அழுத்தாது. ‘ய’ மட்டும் மங்கலாக விழும். இரண்டாவது வாரம் நான்கு எழுத்தும் ஒரே கறுப்பில் விழத் தொடங்கும். முன்னேற்றத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறது. பொது அறிவு படிக்கும்போது அந்தத் திருப்தி மாதக்கணக்கில் கிடைக்காது. ரிசல்ட்டை நினைத்துத் தூக்கம் வராமல் இருந்த பலரை இந்த மங்கல் எழுத்து கறுப்பானதுதான் மெல்ல மீட்டது என்று தட்டச்சு ஆசிரியை ஒருவர் சொன்னார். நம்ப முடிகிறது.

டைப்ரைட்டிங் பிடிக்காதவர்கள் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகலாம். ரயில்வே, எஸ்.எஸ்.சி. தேர்வுகளுக்குக் கணக்கும் பொது அறிவும் உதவும், எஸ்.எஸ்.சி.க்கு ஆங்கிலத்தையும் சேர்க்க வேண்டும். எதுவானாலும் மூன்று மாதத்தில் முடிவு தெரிகிற துண்டாக வெட்டிக்கொள்வதுதான் முக்கியம்.

புதிதாகத் தொடங்க ஜனவரிதான் வேண்டும் என்பதும் இல்லை. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாணவர்கள் போவது வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பருவத் தொடக்கம், பிறந்தநாளுக்கு அடுத்த நாட்கள் என்று ஒவ்வொரு புதுத் தொடக்கத்தை ஒட்டியும் கூடியதைக் கண்டார்கள். நம் ஆண்டில் அப்படிப்பட்ட வாசல்களுக்குப் பஞ்சமா என்ன? தை முதல் தேதி இருக்கிறது, சித்திரை இருக்கிறது, ஆடிப்பெருக்கு இருக்கிறது. கல்வி தொடங்கவே நாள் பார்த்து வைத்த விஜயதசமி இருக்கிறது. விட்டுப்போனவர் அடுத்த வாசலில் நுழைந்துகொள்ளலாம்.

வீட்டார் கேட்கும் கேள்வி

“என்னம்மா, ரிசல்ட் வந்துச்சா?” கல்யாண வீட்டில், பால் பூத்தில், பஸ் ஸ்டாண்டில் இந்தக் கேள்வி வரும். கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். “தம்பி இன்னும் எழுதிக்கிட்டுதான் இருக்கீங்களா?” என்பது இன்னும் கொடுமை. வீட்டில் இருப்பவர்கள் கேள்வியை மாற்றிக் கேட்கலாம். ‘இந்த வாரம் எத்தனை பாடம் முடிஞ்சுது?’ என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல அந்தப் பிள்ளையால் முடியும்.

கல்யாணமான பெண்களுக்கு இன்னொரு கஷ்டம். படிக்கும் நேரம் அவர்களுக்கு யாரும் கொடுப்பதில்லை. மிச்சம் விழுந்ததை எடுத்துக்கொள்கிறார்கள். இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு உட்காரும் ஒரு பெண்ணுக்கு ‘அதிகாலையில் எழுந்து படி’ என்று அறிவுரை சொல்பவர்கள் முதலில் அந்தப் பாத்திரங்களைக் கழுவித் தரட்டும். கணவரோ மாமியாரோ தினம் முக்கால் மணி நேரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், ஆண்டுக்கு 270 மணி நேரத்துக்கு மேல் அவருக்குக் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் சொன்ன எந்த உளவியல் ஆய்வும் அதற்கு ஈடாகாது.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், யாரோடும் பேசாமல் ஒருவர் வாரக்கணக்கில் இருந்தால் அதை ஊக்கக் குறைவு என்று எண்ணி அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. 104, 14416 ஆகிய இலவச எண்களில் மனநல ஆலோசகர்களிடம் பேசலாம். அரசு மருத்துவமனைக்கு உடன் அழைத்துப் போகலாம்.

எத்தனை முறை எழுதுவது?

யாரும் பேச விரும்பாத விஷயம் இது. குறைந்தபட்சக் கல்வித் தகுதியைவிடக் கூடுதலாகப் படித்த இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு குரூப் 4-ன் பெரும்பாலான பணிகளில் உச்ச வயது வரம்பு இல்லை. சமூக நீதியின் நல்ல பலன் அது. படிப்பை நடுவில் விட்டவர்கள், பிள்ளை வளர்த்து முடித்த பெண்கள் என்று பலருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. அதே திறந்த கதவு, எப்போது போதும் என்று முடிவெடுக்க முடியாமல் சிலரைப் பத்து ஆண்டு நிறுத்தி வைத்துவிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படி என்று சொல்லும் மேடைப் பேச்சுகளை நான் எதிர்க்கிறேன். இரண்டு ஆண்டு இடைவெளி விழக்கூடிய ஒரு தேர்வுக்கு, வருமானமே இல்லாமல் காத்திருக்கச் சொல்வது ஏழை வீட்டுப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய அறிவுரை அல்ல. ஜெராக்ஸ் கடைப் பெண் வேலையை விடவில்லை. சம்பளம் வருவதால்தான் அவரால் ‘சும்மா’ என்று ஒரு நாளை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

நிறுத்தும் இடத்தைத் தோற்ற அன்றைக்கு முடிவு செய்யக் கூடாது. அன்று எடுக்கும் எந்த முடிவும் கோபத்திலோ அழுகையிலோ எடுத்ததாக இருக்கும். தொடங்கும்போதே வைத்துக்கொள்ள வேண்டும்: இரண்டு தேர்வா, மூன்று தேர்வா, எந்த வயது வரை, அதுவரை வீட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுப்பேன், அதற்குப் பிறகு எந்த வேலை. ஒவ்வொரு தேர்விலும் எத்தனை கேள்வி சரியாகப் போட்டீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். 128, 147, 161 என்று ஏறுகிறவர் எல்லையை ஒரு தேர்வு தள்ளி வைக்கலாம். மூன்று தடவையும் 130-ஐ ஒட்டியே நிற்பவர் முறையை மாற்ற வேண்டும், அல்லது வேலையை மாற்ற வேண்டும். அந்த எல்லையை முதல் பாடம் தொடங்குவதற்கு முன்பே எழுதி, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தேதி வரும்போது அவர் அதை எடுத்துக் காட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றும் இப்போதே சொல்லி வையுங்கள்.